மறுமொழி: மார்க்கெட்பிளேஸ் – அங்காடியா, சந்தையா, சந்தைப்பேட்டையா?

அனைவருக்கும் வணக்கம்.

மின்வணிகச் செயலியின் மொழிபெயர்ப்பில், பலர் வந்து விற்க இடம் தரும் தளத்தைக் குறிக்கும் மார்க்கெட்பிளேஸ் வருமிடத்தில் என்ன போடுவது என்ற கேள்விக்கு இதுவரை அங்காடி, இணையச் சந்தை, விற்பனைத் தளம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான்காவதாகச் சந்தைப்பேட்டையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்கு முன் அங்காடியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

> அங்காடி சங்க காலத்துச் சொல். அதை விட்டுவிட்டு வேறு எதைத் தேடுகிறோம்?

ஐயா, பழமையில் சந்தேகமே இல்லை. மதுரைக்காஞ்சியில் பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி. சிலப்பதிகாரத்தில் புகாரின் நாளங்காடி அந்நகரின் இரு பகுதிகளான மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே, மரங்கள் அடர்ந்த சோலையில் நடக்கிறது. கொடுப்போர் ஓசையும் கொள்வோர் ஓசையும் அங்கே ஓய்வதில்லை. கல்வெட்டுகளில் அங்காடிப்பாட்டம் என்று அங்காடிக்கு விதித்த ஒரு வரியே உண்டு. அன்றைக்கு அங்காடி என்றால் பலர் கூடி விற்ற இடம்தான். மலையாளத்தில் இன்றும் அப்படித்தான்: அங்காடியில் தோற்றதற்கு அம்மாவிடம் கோபம் என்று அவர்கள் பழமொழி சொல்லும்போது கடைவீதியைத்தான் நினைக்கிறார்கள்.

ஆனால் கன்னடத்திலும் தெலுங்கிலும் அங்கடி என்றால் பெரும்பாலும் ஒரு கடை. நாமும் மெல்ல அந்தப் பக்கம் போய்விட்டோம். நியாயவிலை அங்காடி, பல்பொருள் அங்காடி, புத்தக அங்காடி என்று நாம் சொல்லும் எதை எடுத்தாலும் ஒரே கூரை, ஒரே கல்லா. சிங்கப்பூர்த் தமிழில் பல கடைக்காரர்கள் சேர்ந்து சமைத்து விற்கும் இடத்தைச் சொல்ல உணவங்காடியோடு ‘நிலையம்’ என்ற சொல்லையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. மீனும் கறியும் காயும் பலர் விற்கும் இடத்துக்கோ அங்கே ஈரச்சந்தை என்றே பெயர்.

சொல் இடம் மாறினால் இழுத்துத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆவணம் என்பதும் ஒரு காலத்தில் கடைவீதிதான். இன்று ஆவணத்துக்குப் போய்ப் பழம் வாங்கி வந்தேன் என்று எழுதினால் பத்திரப்பதிவு அலுவலகத்தில் என்ன பழம் என்று கேட்பார்கள். நியமம் என்ற சொல்லுக்கும் கடைத்தெரு என்ற பொருள் இருந்தது. இன்று அது கோயில் பூசையிலும் யோகாசன வகுப்பிலும் மட்டும்தான் காதில் விழுகிறது.

சரி, அங்காடி என்றே போட்டுப் பார்ப்போம். செயலியில் ஒரு வரி வருகிறது: “இந்தப் பொருளை விற்பவர் வேறொருவர், அங்காடி இதை விற்கவில்லை.” படிப்பவர் குழம்பமாட்டாரா? விற்காத அங்காடி என்ன அங்காடி? பொருள் உடைந்து வந்தால் யாரைக் கேட்பது என்பது இந்த வரியில்தான் தெளிவாக வேண்டும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் இதற்காகவே இரண்டு வகை நிறுவனங்களைப் பிரித்துச் சொல்கின்றன. தன் சரக்கைத் தானே வைத்து விற்பது ஒன்று. வாங்குபவரும் விற்பவரும் சந்திக்க இடம் மட்டும் தருவது இன்னொன்று. இரண்டின் பொறுப்புகளும் வேறு. சட்டமே பிரிக்கிற ஒன்றை நம் சொல் குழப்பக்கூடாது. முதல் வகைக்கு மின்னங்காடி அருமையாகப் பொருந்துகிறது, அதை அங்கேயே வைத்துக்கொள்வோம்.

இரண்டாவதற்குச் சந்தையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கன்னடத்தில் சந்தெ, தெலுங்கில் சந்த, மலையாளத்திலும் சந்த. தெற்கே எல்லோருக்கும் பொதுவான சொல். வாரத்தில் ஒரு நாள் கூடி, சாயங்காலம் கலைவது இதன் இயல்பு. வெள்ளிச்சந்தை, புதன்சந்தை, திங்கள்சந்தை என்று ஊர்ப்பெயரிலேயே கிழமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான்கு தெரு கூடும் சந்தியில் கூடுவதால் சந்தை என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒலி ஒத்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு நான் வலு கொடுக்க மாட்டேன். ஆசிரியர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி வேதமும் பிரபந்தமும் கற்பதற்கும் சந்தை என்றுதான் பெயர். அது வேறு சொல்.

சிறு வயதில் தாத்தாவோடு போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போவேன். இரண்டு கூடை தக்காளியை இறக்குவதற்குள் சுங்கம் வசூலிப்பவர் சீட்டோடு வந்து நிற்பார். சந்தையை ஏலம் எடுத்த குத்தகைதாரரின் ஆள் அவர். தக்காளி எங்களுடையது, விலை எங்களுடையது, அழுகல் இருந்தால் ஏச்சும் எங்களுக்குத்தான். அவருடையது இடமும் சுங்கமும் மட்டும். விற்பனையாளரிடம் நூற்றுக்கு இவ்வளவு என்று தளங்கள் இன்று எடுப்பதும் அந்தச் சுங்கம்தானே! கமிஷன் மண்டியை நினைத்தும் பார்த்தேன். ஆனால் மண்டிக்காரர் தானே விலை பேசி விற்றுக் கொடுக்கிறார். மார்க்கெட்பிளேஸ் அப்படி அல்ல.

அப்படியானால் இணையச் சந்தை போதாதா? போதாது. சந்தை இன்று இடத்தை மட்டும் குறிப்பதில்லை. சந்தை விலை, சந்தைப் பொருளாதாரம், பங்குச் சந்தை என்று அருவமாகவும் விரிந்துவிட்டது. “இணையச் சந்தையில் போட்டி கூடியிருக்கிறது” என்றால் ஒரு தளத்துக்குள்ளே நடக்கும் போட்டியா, மொத்த வணிகத்திலா? இடம் என்று தெரிய இன்னொரு சொல் ஒட்ட வேண்டும். விற்பனைத் தளம் என்றாலோ தளமே விற்கிறது என்றுதான் முதலில் தோன்றும்.

அந்த ஒட்டை நாம் புதிதாகச் செய்ய வேண்டியதே இல்லை, ஊரில் இருக்கிறது. சந்தை கூடும் திடலுக்கு எத்தனையோ ஊர்களில் சந்தைப்பேட்டை என்று பெயர். சந்தை இல்லாத நாளிலும் அது சந்தைப்பேட்டைதான். மார்க்கெட்பிளேஸ் என்பதற்கு இதைவிட நேரான சொல் எனக்குத் தெரியவில்லை.

> பேட்டை என்றால் ரவுடிதான் நினைவுக்கு வருவான்.

அம்மா, தனியாகச் சொன்னால் வரலாம். ஆனால் 1958இல் கிண்டியில் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் ரவுடியை நினைக்கவில்லை. பல நிறுவனங்களுக்கு ஒருவர் இடம் அமைத்துக் கொடுப்பது தொழிற்பேட்டை. பல விற்பனையாளர்களுக்கு ஒருவர் இடம் அமைத்துக் கொடுப்பது சந்தைப்பேட்டை. சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையில் கிழமையும் பேட்டையும் சேர்ந்தே இருக்கின்றன. பேட்டைக்கும் வணிகத்துக்கும் உள்ள உறவு நாம் கற்பித்ததல்ல.

பொத்தானில் இடம் போதாது என்று ஒரு கவலை வந்தது. எண்ணிப் பாருங்கள்: மார்க்கெட்பிளேஸ் எட்டு எழுத்து, சந்தைப்பேட்டை ஏழு. இணையத்தில் என்பது தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் மின்சந்தைப்பேட்டை என்று எழுதலாம். செயலிக்குள்ளே ‘மின்’ தேவையில்லை. அப்புறம், விற்பனையாளரிடம் தளம் எடுக்கும் பங்குக்குச் ‘சுங்கம்’ என்றே போட எனக்கு ஆசை. ஆனால் சுங்கத்துறையோடு குழம்பும், அதனால் ‘தளக் கட்டணம்’ என்று விட்டுவிடுகிறேன்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. கொழும்பில் ஆங்கிலக்காரர் நம் பேட்டையை எடுத்துப் பெட்டா ஆக்கினார்கள், நீங்களோ அதே இடத்தைப் புறக்கோட்டை என்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் சந்தை, திருநெல்வேலிச் சந்தை என்றுதான் கேட்டிருக்கிறேன், பேட்டை சேர்த்துக் கேட்டதில்லை. சந்தைப்பேட்டை என்று திரையில் பார்த்தால் உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்குச் சட்டென்று புரியுமா? வீட்டில் கேட்டுவிட்டு எழுதுங்கள். உங்கள் பதில் வந்த பிறகுதான் சொற்பட்டியலில் ஏற்றுவேன்.