பொய் சொல்லாமலே காப்பாற்ற முடியுமா? பணியில் எதிர்ப்படும் நிலைமைகளும் பதில்களும்

மருத்துவமனைச் சாப்ளின் (நோயாளிகளுக்கு ஆன்மீகத் துணை நிற்பவர்)

நோயாளியின் அறைக்கு வெளியே மகனோ மகளோ ஒதுக்கமாகக் கூப்பிட்டு, "புற்றுநோய்னு மட்டும் அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டார்" என்று கேட்பது இந்தப் பணியில் அடிக்கடி நடப்பது. அனுபவம் குறைந்தவர்கள் மனம் இளகி "சரிம்மா" என்று சொல்லிவிடுவார்கள். சிக்கல் அந்தச் "சரி"யில்தான் தொடங்குகிறது. அதற்குள் இரண்டு வாக்குகள் இருக்கின்றன. நானாகப் பேச்சை எடுக்க மாட்டேன் என்பது ஒன்று. அவரே கேட்டாலும் மறுத்துவிடுவேன் என்பது மற்றொன்று. முதல் வாக்கைத் தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டாவதைக் கொடுக்கக் கூடாது. குடும்பத்தாரிடம் அங்கேயே பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது: "நோயின் பெயரை நானாக எடுக்க மாட்டேன், அது டாக்டர் சொல்ல வேண்டியது. ஆனால் அவர் என்னிடம் நேராகக் கேட்டால் 'அப்படி ஒன்றும் இல்லை' என்று என்னால் சொல்ல முடியாது." அப்போது முகம் சுளிப்பார்கள். பிறகு நடப்பதோடு ஒப்பிட்டால் அது சிறிய விஷயம்.

"நான் பிழைப்பேனா?" என்று நோயாளி கேட்டால் முதல் பதில் ஆமாவாகவும் இருக்கக் கூடாது, இல்லையாகவும் இருக்கக் கூடாது. "ஏன் அப்படித் தோணுது உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். சிலர் வலியை நினைத்துப் பயந்து கேட்கிறார்கள். சிலருக்கு ஆயுள் கணக்கே தெரிய வேண்டும். சிலருக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். புற்றுநோய் மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டு முதல் பயன்படுத்தும் 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படி முறையில் மூன்றாவது படி இதுவே: எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியிடமே கேட்பது. "எனக்கு வேண்டாம், என் மகனிடம் பேசுங்கள்" என்று அவர் சொன்னால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அங்கே நாம் மௌனமாக இருப்பது அவர் விருப்பப்படி; யாரும் அவரை ஏமாற்றவில்லை.

பொய் சொன்ன இடங்களில் கதை ஏறக்குறைய ஒரே மாதிரி முடிகிறது. வார்டின் பெயர்ப்பலகையிலிருந்தோ பக்கத்துப் படுக்கைக்காரர் பேச்சிலிருந்தோ அவருக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு மருந்தைப் பற்றிச் சொன்னாலும் நம்ப மாட்டார், ஜெபத்தில் சொல்லும் ஆறுதலையும் நம்ப மாட்டார். ஒப்புரவாக வேண்டிய தம்பி, எழுத வேண்டிய உயில், கேட்க விரும்பிய நற்கருணை எல்லாவற்றுக்கும் இருந்த நாட்கள் வீணாகப் போயிருக்கும்.

இறையியல் கல்லூரி ஆசிரியர்

சாப்ளின் ஐயா எழுதிய நிலைமை 1,600 ஆண்டுப் பழையது. பழைய திருச்சபையின் ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தீன் சுமார் 420இல் எழுதிய 'பொய்க்கு எதிராக' என்ற நூலில் இதே படுக்கை வருகிறது. சாகக் கிடக்கும் தகப்பன், அவனுக்கு ஒரே மகன், அந்த மகன் இறந்துவிட்டான். "என் மகன் உயிரோடு இருக்கிறானா?" என்று தகப்பன் கேட்கிறான். உண்மையைச் சொன்னால் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடுவான். அகுஸ்தீன் இங்கே கல்நெஞ்சராகப் பேசவில்லை. தன் மனமும் ஆடிப்போகிறது என்று ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் இதற்கு இடம் கொடுத்தால் அடுத்ததற்கும் இடம் கொடுக்க வேண்டிவரும், சிறிய பொய் சிறிது சிறிதாக வளர்ந்து பொய்ச்சத்தியம் வரை போகும் என்று முடிக்கிறார்.

அவர் சுமார் 395இல் எழுதிய முந்தைய நூல் பொய்யை எட்டு வகையாகப் பிரித்தது. மதபோதனையில் சொல்லும் பொய் எல்லாவற்றிலும் கொடியது. யாருக்கும் தீங்கு செய்யாமல் ஒருவரை உடல்மானக் கேட்டிலிருந்து காக்கும் பொய் கடைசியில் இருக்கிறது. எட்டுமே பாவம்தான், ஆனால் ஒரே எடை அல்ல. 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் இதை மூன்றாகச் சுருக்கினார்: கேலிப் பொய், உதவிப் பொய், கேடு செய்யும் பொய். முதல் இரண்டும் பொதுவாகச் சாவான பாவம், அதாவது ஆன்மாவைக் கொல்லும் கனமான பாவம், ஆவதில்லை என்றார். "அகுஸ்தீன் எல்லாப் பொய்யையும் ஒன்றாக்கிவிட்டார்" என்று குறை சொல்பவர்கள் இந்தப் படிநிலையைக் கவனிப்பதில்லை.

புரைதீர்ந்த நன்மை தந்தால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற குறளோடு (292) வளர்ந்த நமக்கு இந்தக் கறார் கசக்கத்தான் செய்யும். வள்ளுவர் விளைவை வைத்து அளக்கிறார். அகுஸ்தீன் பேசுகிறவன் தன் உள்ளத்தில் இருப்பதற்கு மாறாக வாயைப் பயன்படுத்துகிறானா என்று பார்க்கிறார். இரண்டையும் கலந்து பேசினால் வாதம் எங்கேயும் போய்ச் சேராது.

பெண்கள் காப்பகப் பணியாளர்

வாதத்துக்கு முன்னால் நடைமுறை ஒன்று. அடித்துத் துன்புறுத்தும் கணவன் போன் செய்து, "என் மனைவி அங்கே இருக்கிறாளா?" என்பான். "இல்லை" என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். அந்தப் பொய் தேவையே இல்லை. "இங்கே யார் இருக்கிறார்கள், இல்லை என்பதை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை" என்ற ஒரே வாக்கியம் போதும். ஆனால் இது பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பெண் இல்லாத நாளிலும், கேட்பவர் சொந்தத் தாயாக இருந்தாலும், போதகராக இருந்தாலும் அதே வாக்கியம்தான் வர வேண்டும்.

தவறு நடப்பது இங்கேதான். பெயர் தெரியாத ஒருத்தியைக் கேட்டால் "அப்படி யாரும் இல்லையே" என்று இயல்பாகச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு உள்ளே இருப்பவளைக் கேட்கும்போது மட்டும் "சொல்வதில்லை" என்றால், அந்த மௌனமே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே புதியவர்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகவைக்க வேண்டும். தயங்காமல், குரல் மாறாமல், வேறொரு சொல்லும் சேர்க்காமல் வர வேண்டும். "ஐயோ, அவங்களா…" என்ற ஓர் இழுப்பு போதும் எல்லாம் கெட. வருகைப் பதிவேடு வெளியாள் கண்ணில் படும்படி மேசைமேல் கிடக்கக் கூடாது. உள்ளே இருப்பவர்களின் செருப்பு வாசலில் கிடக்கக் கூடாது.

இந்த ஏற்பாடு நிறுவனத்துக்குப் பொருந்தும். தனி வீட்டில் ஒருத்தியை மறைத்து வைத்திருக்கும்போது கத்தியோடு ஒருவன் வாசலில் நின்றால் "யாருக்கும் சொல்வதில்லை" என்பது ஆம் என்பதற்குச் சமம். அதற்கு விடை தேடுகிறவர்கள் எழுதட்டும்.

கத்தோலிக்கக் குரு

சகோதரி சொன்ன ஒரே பதில் முறைதான் ஒப்புரவு அருட்சாதன ரகசியத்தையும், அதாவது பாவ அறிக்கையில் கேட்டதை வெளியிடாமையையும், காக்கிறது. திருச்சபைச் சட்டம் 983 அதை மீற முடியாததாக வைத்திருக்கிறது. நேரடியாக மீறும் குரு, தீர்ப்பு எதுவும் வழங்கப்படாமலே, திருச்சபை உறவிலிருந்து நீக்கப்பட்டவர் ஆகிறார். "அவன் உங்களிடம் வந்தானா?" என்று கேட்டால் வராதவனைப் பற்றியும் "அதைப் பற்றிப் பேச மாட்டேன்" என்றே சொல்ல வேண்டும். "அவன் அப்படி எதுவும் சொல்லவில்லை" என்று ஒருவனுக்காக நல்லெண்ணத்தில் சொல்லிவிட்டால், அடுத்தவனுக்காக மௌனம் காக்கும்போது அவன் மாட்டிக்கொள்வான்.

இரண்டு பொருள்படப் பேசுவது பற்றியும் சொல்ல வேண்டும். நான்காம் நூற்றாண்டு அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுசை நைல் ஆற்றில் துரத்தியவர்கள் எதிரே வந்த படகை நிறுத்தி, அவர் எங்கே என்று கேட்டபோது "தூரத்தில் இல்லை" என்று பதில் வந்ததாகப் பழைய வரலாறு சொல்கிறது. அவர் அந்தப் படகிலேயே இருந்தார். சொன்ன சொல் உண்மை. கேட்டவன் கொஞ்சம் யோசித்தால் அதன் சரியான பொருளைப் பிடித்திருக்கலாம். அறநெறி ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்டது இவ்வளவுதான்; இதை 'அகல வகை' என்பார்கள். வாயால் "குருவை நான் பார்க்கவில்லை" என்று சத்தியம் செய்து, "உனக்குச் சொல்லும் நோக்கத்தோடு பார்க்கவில்லை" என்று மீதியை மனதுக்குள் முடித்துக்கொள்வது வேறு. இங்கிலாந்தில் வேட்டையாடப்பட்ட கத்தோலிக்கக் குருக்களைக் காக்க இது போதிக்கப்பட்டது. 1595இல் இயேசு சபைக் குரு ராபர்ட் சவுத்வெல் மீதான விசாரணையிலும் 1606இல் அதே சபையின் ஹென்றி கார்னெட் மீதான விசாரணையிலும் இதுவே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. 1679இல் திருத்தந்தை பதினோராம் இன்னசென்ட், மனதுக்குள் முடித்துக்கொள்ளும் அந்த வகையைக் கண்டித்தார்.

கண்டித்த பிறகும் அகல வகையின் பெயரில் அநியாயம் நடந்திருக்கிறது. சிறுவர் மீதான பாலியல் கொடுமைகளை மறைத்தது பற்றி டப்ளின் மறைமாவட்டத்தை விசாரித்த 2009ஆம் ஆண்டு மர்பி அறிக்கை இதற்குத் தனிப் பகுதியே ஒதுக்கியது. இழப்பீட்டுக்கு மறைமாவட்டப் பணம் "பயன்படுத்தப்படுவதில்லை" என்று பத்திரிகையாளர்களிடம் நிகழ்காலத்தில் சொல்லப்பட்டது. முன்பு பயன்படுத்தப்பட்டிருந்தது. இலக்கணப்படி பொய் இல்லை, ஆனால் கேட்டவர்களுக்கு உண்மையைக் கேட்க முழு உரிமை இருந்தது. துரத்தப்படுகிறவனுக்கான கேடயத்தை அதிகாரத்தில் இருப்பவன் தூக்கிக்கொண்டான். இதைவிட வெட்கக்கேடு இந்தத் தலைப்பில் வேறு இல்லை.

சபைப் போதகர்

கத்தியோடு வாசலில் நிற்பவனுக்கு வருகிறேன். வேதாகமத்தில் இதற்கு நெருங்கிய நிலைமைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். எபிரெய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம், தாங்கள் போகும் முன்பே பிள்ளை பிறந்துவிடுகிறது என்று சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள் சொன்ன பதில் (யாத்திராகமம் 1). கூரைமேல் சணல்தட்டைக்குள் இஸ்ரவேல் ஒற்றரை மறைத்துவிட்டு, "இருட்டும் நேரத்தில் போய்விட்டார்கள், சீக்கிரம் துரத்துங்கள்" என்ற ராகாப் (யோசுவா 2). தாவீதின் தூதர்களான யோனத்தானையும் அகிமாசையும் கிணற்றுக்குள் இறக்கி, வாய்மேல் துணியை விரித்துத் தானியத்தைப் பரப்பி வைத்த பகூரீம் ஊர்ப் பெண் (2 சாமுவேல் 17). தேடி வந்தவர்களிடம் அவளும் அவர்கள் ஆற்றைக் கடந்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினாள்.

1957இல் இறையியலாளர் ஜான் மரே வாதாடியது போல, எபிரெயர் 11:31உம் யாக்கோபு 2:25உம் ராகாபின் விசுவாசத்தையும், ஒற்றரை ஏற்று வேறு வழியாய் அனுப்பியதையும் புகழ்கின்றனவே தவிர, அவள் சொன்ன பொய்யைப் புகழவில்லை. இது கவனமான வாசிப்பு. ஆனால் தேடி வந்தவர்களைத் திசைதிருப்பாமல் ஒற்றரை வேறு வழியாய் அனுப்பியிருக்க முடியாது. தட்டையால் மூடியதும் ஏமாற்றுதான், கை செய்த ஏமாற்று. ஆயி பட்டணத்துக்குப் பின்னால் பதிவிருக்கச் சொன்னவர் கர்த்தர் (யோசுவா 8). சவுல் அறியாமல் தாவீதை அபிஷேகம் செய்யச் சாமுவேலை பெத்லகேமுக்கு அனுப்பும்போது கன்றுக்குட்டியைக் கொண்டுபோய், பலியிட வந்ததாகச் சொல்லச் சொன்னவரும் அவரே (1 சாமுவேல் 16). அங்கே சாமுவேல் பலியும் இட்டான். சொன்னது பொய்யில்லை, பாதி. ஆக வேதம் மறைப்பதை அனுமதிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எட்டாயிரம் ரூபாய் கணக்கில் திருத்தியவனும் ராகாபைத்தான் துணைக்கு அழைக்கிறான் என்பதால் எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: அநியாயமாய் உயிர் பறிக்க வருபவன், வேறு வழி அடைபட்டது, பொய்யால் பேசுகிறவனுக்கு லாபமில்லை. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ராகாபின் பெயரை எடுக்கக் கூடாது.

நாஜிகள் பிடித்திருந்த நெதர்லாந்தின் ஹார்லெமில் டென் பூம் குடும்பம் படுக்கையறையில் பொய்ச்சுவர் எழுப்பி யூதர்களை மறைத்தது. 1944 பிப்ரவரி 28இல் வீடு சோதனையிடப்பட்டபோது சுவருக்குப் பின்னால் இருந்த ஆறு பேரும் அகப்படவில்லை. அதே குடும்பத்தில் ஒரு சகோதரி பொய் பேச மறுத்தவர். அந்தச் சுவரைக் கட்டலாம், "யாருமில்லை" என்று மட்டும் சொல்லக் கூடாது என்பவர்கள், செங்கல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே கோடு ஏன் விழுகிறது என்று விளக்க வேண்டும்.

இறையியல் கல்லூரி ஆசிரியர்

போதகர் ஐயாவுக்கு: கோடு சொல்லில் விழுவதற்குக் காரணம் உண்டு. சுவர் எதையும் உறுதிப்படுத்துவதில்லை. "நான் சொல்வதை நம்பு" என்று கேட்பது சொல் மட்டுமே. அக்குவினாஸ் போரில் பதிவிருப்பதை ஏற்று, பகைவனிடம் பொய் பேசுவதை மறுத்தது இதனால்தான். வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே ஊர் ஆயர் ஃபிர்முஸ் ஒருவனை மறைத்து வைத்திருந்தார். பேரரசனின் ஆட்கள் கேட்டபோது, "பொய்யும் சொல்ல மாட்டேன், காட்டியும் கொடுக்க மாட்டேன்" என்றார். வதைத்தார்கள், வாய் திறக்கவில்லை. கடைசியில் பேரரசனே அவனை மன்னித்தான் என்று அகுஸ்தீன் பதிவு செய்திருக்கிறார். மூன்றாவது வழி உண்டு, ஆனால் அதன் விலையை மறைப்பவனே கொடுக்கிறான். விலையை மறைந்திருப்பவள் கொடுக்க வேண்டி வந்தால் இந்த உதாரணம் போதாது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கேட்பவனுக்கு உரிமை இல்லையென்றால் அது பொய்யே இல்லை என்று 1625இல் டச்சுச் சட்ட அறிஞர் குரோஷியஸ் வரையறையை மாற்றிப் பார்த்தார். கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் முதல் பதிப்பில் 2483ஆம் பத்தி அந்தச் சாயலில் இருந்தது. 1997 திருத்தத்தில் "உண்மையை அறிய உரிமையுள்ள" என்ற அடை எடுக்கப்பட்டது. உரிமையில்லாதவனுக்கு உண்மையை வெளிப்படுத்தக் கடமையில்லை என்ற 2489 அப்படியே இருக்கிறது. சொல்லாமலிருக்க உரிமை உண்டு, புரட்டிச் சொல்ல இல்லை.

சபைக்காகப் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 1540ஐப் பாருங்கள். ஜெர்மனியில் சீர்திருத்த அணியைச் சேர்ந்த ஹெஸ்ஸே நாட்டு ஆட்சியாளன் பிலிப்பு மனைவி இருக்கும்போதே ரகசியமாக இரண்டாம் திருமணம் செய்தான். அதற்கு அந்தரங்க ஆலோசனையில் இணங்கிய லூத்தர், செய்தி கசிந்தபோது திருச்சபையின் நன்மைக்காக அடித்து மறுத்துவிடச் சொன்னார். ஒன்றும் மறையவில்லை. பிலிப்பு சட்டச் சிக்கலில் பேரரசனுக்குப் பணிய நேர்ந்தது, சீர்திருத்த அணி தன் பலமான தலைவர்களில் ஒருவனை இழந்தது.

முதியோர் இல்லச் செவிலியர்

மறதி நோய் பற்றி யாரும் எழுதவில்லை. கணவர் இறந்து வெகுநாளான அம்மா, "அவர் எப்போ வருவார்?" என்று கேட்பார். "இறந்துட்டாரே" என்றால் ஒவ்வொரு முறையும் புதிதாக அழுகிறார். "சாயங்காலம் வருவார்" என்றால் சாயங்காலம் வாசலில் நிற்கிறார். "அவரைத் தேடுதா அம்மா? எப்படி இருப்பார் அவர்?" என்று கேட்டால் பெரும்பாலும் அவரைப் பற்றிப் பேசி அமைதியாகிறார். நேராக "உயிரோட இருக்காரா?" என்று கேட்டால் மெதுவாக உண்மையைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளலாம். என்ன சொல்வது என்பதை எல்லா ஷிப்டும் சேர்ந்து முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். ஒருவர் இறந்தார் என்றும் இன்னொருவர் வருவார் என்றும் சொல்வதுதான் மிகவும் பதறவைக்கிறது.

சபைப் போதகர்

கடைசியாக, உயிரைக் காக்கப் பொய் சொன்னவர் மனம் குத்தி ஆலோசனைக்கு வரும்போது என்ன செய்வது. இரண்டு சட்டங்கள் மோதினால் பெரியதற்குக் கீழ்ப்படிந்தவன் குற்றவாளி அல்ல என்ற அமெரிக்க இறையியலாளர் நார்மன் கைஸ்லரின் வழியில் நிற்பவர்கள் அவரை மன்னிப்புக் கேட்கச் சொல்ல மாட்டார்கள். விழுந்த உலகில் இரண்டும் பாவம், சிறியதைத் தேர்ந்தாய், இப்போது அறிக்கையிடு என்பார்கள் லூத்தர் மரபினர். ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் சிறையில் எழுதிய கட்டுரையில், வகுப்பின் நடுவே "உன் அப்பா குடித்துவிட்டு வருகிறாரா?" என்று ஆசிரியர் கேட்க, இல்லை என்று மறுக்கும் பிள்ளை வருகிறது. பொய்தான், ஆனால் குற்றம் கேட்டவர்மேல் என்கிறார்.

எந்த மரபில் நின்றாலும் வந்தவரிடம் முதலில் மூன்றைக் கேளுங்கள்: யாரைக் காக்கச் சொன்னீர்கள், ஆபத்து நீங்கிய பிறகும் அந்தப் பொய் ஓடிக்கொண்டிருக்கிறதா, அதனால் பாதிக்கப்பட்ட மூன்றாம் ஆள் உண்டா. இரண்டாவதற்குப் பதில் "ஆம்" என்றால் அன்றே அதை நிறுத்த வழி பாருங்கள். மூன்றாவதற்கு "ஆம்" என்றால், அந்த ஆளிடம் எப்போது, யார் மூலம் உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்துவிட்டு ஜெபத்துக்குப் போங்கள்.