புதுப்பிப்பு: சுகேசடா கையெழுத்து, புதிய படங்களுக்குப் பின்

போன பதிவில் போட்டிருந்த வாகிஸாஷியின் (ஜப்பானியக் குறுவாள்) தண்டில், அதாவது கைப்பிடிக்குள் மறையும் பகுதியில், உள்ள பொறிப்பின் வாசகம் "பிஷூ ஒசாஃபுனே சுகேசடா" என்பது இப்போது உறுதி: பிசென் பகுதியின் (சுருக்கமாக பிஷூ) ஒசாஃபுனே ஊரைச் சேர்ந்த சுகேசடா என்ற வாள் கொல்லரின் பெயர். விளக்கைத் தண்டுக்கு ஏறக்குறையப் படுக்கையாகப் பிடித்து எடுத்த படங்களில் எழுத்துகள் நிழலோடு எழுந்து தெரிகின்றன. நேர் ஒளியில் எடுத்தவை பயனில்லை.

மறுபக்கத்தில் "எய்ரோகு 5, எட்டாம் மாதம்". எய்ரோகு என்ற ஜப்பானிய ஆண்டுக்கணக்கின் முதலாண்டு 1558, ஆகவே ஐந்தாம் ஆண்டு 1562.

உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்க வேண்டியிருக்கிறது. முரோமாச்சிக் காலத்தின் (ஜப்பானில் 14–16ஆம் நூற்றாண்டு) இறுதியில் பிசென் பகுதியில் சுகேசடா என்ற பெயரில் ஏராளமானோர் வாள் அடித்தார்கள். "பிஷூ" என்று சுருக்கமாகப் பொறித்தவை பெரும்பாலும் போர்த் தேவைக்காகக் மொத்தமாகச் செய்தவை. தனி ஆர்டருக்குச் செய்தவற்றில் "பிசென் நொ குனி ஜூ" (பிசென் நாட்டில் வசிப்பவர்) என்ற நீண்ட வடிவமும், யொசொசாஎமொன் நொ ஜோ போன்ற, கொல்லரைத் தனித்துக் காட்டும் தனிப்பெயரும் இருக்கும். இதில் அவை இல்லை.

போலிப் பொறிப்பா என்று பார்க்க, உளிக்கோட்டின் உள்ளே இருக்கும் துருவையும் சுற்றியுள்ள துருவையும் ஒப்பிடுங்கள். உள்ளே மட்டும் புதிதாக, செம்பழுப்பாக இருந்தால் சந்தேகம் நியாயமானது. இங்கே இரண்டும் ஒரே கருமை. பொறிப்பின் கோடுகள், தண்டை அரத்தால் தேய்த்த தடங்களை வெட்டிச் செல்கின்றன. முனை மேலே, வெட்டுவாய் இடப்பக்கம் இருக்கும்படி பிடித்தால் பெயர் நம்மை நோக்குகிறது. இந்தக் காலத்துக்கு அதுதான் சரியான பக்கம்.

தண்டைச் சுத்தம் செய்யலாமா என்று சிலர் கேட்டதற்கு: தண்டின் துருவைத் தேய்க்கவே கூடாது. கம்பி பிரஷ், அமிலம், எலுமிச்சை எதுவும் வேண்டாம். அந்தத் துருதான் வயதுக்குச் சான்று. போனால் திரும்ப வராது. பொறிப்பு அசல் போலத்தான் தெரிகிறது, ஆனால் எஃகின் மேற்பரப்பில் தெரியும் இழை அமைப்பும் ஹாமோனும் (வெட்டுவாயை ஒட்டிய, கடினப்படுத்திய பகுதியின் எல்லைக் கோடு) பொருந்துகிறதா என்று பார்க்காமல் முடிவு சொல்லமாட்டேன். அலகுப் படங்கள் அடுத்து.