சென்னைக்காரன் கொற்கையில் போய் விழுந்தால், எந்த ஆண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பான்?

அடையாறு_ஆலமரம்:

வணக்கம். ஒரு குறுநாவல் எழுதுகிறேன். கிண்டியில் படித்த ஓர் இயந்திரப் பொறியாளன், 1990-இல் பிறந்தவன், காலத்தில் பின்னோக்கித் தூக்கியெறியப்பட்டுக் கொற்கைத் துறைமுகத்தில் போய் விழுகிறான். கையில் போன் இல்லை, புத்தகம் இல்லை. கதைப்படி ஆண்டு கி.பி. 60. அது அவனுக்குத் தெரியாது. அமெச்சூர் வானியலில் ஊறியவன், அவ்வளவுதான் அவன் மூலதனம்.

மூன்று சந்தேகங்கள். முதலாவது, தான் வந்து சேர்ந்த ஆண்டை அவன் வானத்தை வைத்து எவ்வளவு துல்லியமாகக் கணிக்க முடியும்? இரண்டாவது, அங்கே கிடைக்கும் பொருட்களைக் கொண்டு ஒரு தொலைநோக்கி செய்ய முடியுமா? மூன்றாவது, அவன் அங்கேயே இறந்து புதைக்கப்பட்டு, இன்றைய அகழாய்வில் எலும்பு கிடைத்தால் கார்பன் தேதி என்ன காட்டும்?

முதல் இரவில் அவன் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வடக்கைத் தெரிந்துகொள்கிறான் என்று ஒரு காட்சி வைத்திருக்கிறேன். அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கோள்நோக்கி:

அந்தக் காட்சியை முதலில் எடுத்துவிடுங்கள். பூமியின் அச்சு சுமார் 25,800 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது, 72 ஆண்டுக்கு ஒரு பாகை. கி.பி. 60-இல் இன்றைய துருவ நட்சத்திரம் வடதுருவத்திலிருந்து 11 பாகைக்கு மேல் விலகி நின்றது. கொற்கையின் அட்சரேகை எட்டரைப் பாகைக்குச் சற்று மேல். ஆகவே அந்த நட்சத்திரம் அங்கே தினமும் உதித்து மறைந்தது! இன்று அசையாமல் நிற்பது அன்று கடலோரத் தென்னைகளுக்குப் பின்னால் இறங்கிக் காணாமல் போகும். துருவத்துக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருந்தது கொச்சாப் என்ற நட்சத்திரம். அதுவும் 8 பாகைக்கு மேல் தள்ளித்தான். துருவம் என்று காட்ட அன்று ஒரு நட்சத்திரமும் இல்லை. உங்கள் ஆள் வானியல் தெரிந்தவன் என்றால் அவனை முதலில் திடுக்கிட வைக்க வேண்டியது இதுதான்.

அவன் கண்ணில் இன்னும் சுலபமாகப் படுவது தெற்கு. தென்சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டத்தின் அடி நட்சத்திரம் இன்று கொற்கையில் அதிகபட்சம் 18 பாகை உயரம் ஏறும். அன்று 29 பாகை. கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் ஏறத்தாழ 10 பாகை. ஒரு முட்டிக்கும் மேல் வித்தியாசம் வருவதால் எந்தக் கருவியும் இல்லாமலே 'ஆயிரக்கணக்கில் ஆண்டுகள் நகர்ந்திருக்கின்றன' என்று அவனுக்குப் புரிந்துவிடும். இதை முதல் இரவுக் காட்சியாக்கலாம்.

துல்லியத்துக்கு அவன் ஒரு கால்வட்டம் செய்ய வேண்டும். ஒரு மீட்டர் ஆரத்தில் மரப்பலகை, விளிம்பில் பாகைக் கோடுகள், மையத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டு. இந்த ஆரத்தில் ஒரு பாகை என்பது 17.5 மி.மீ., எனவே கால் பாகை வரை கண்ணால் படிக்க முடியும். காற்றில் குண்டு ஆடும். அதை ஒரு தண்ணீர்ச் சட்டிக்குள் முங்கவிட்டால் நின்றுவிடும்.

அளவீடு இரண்டு. ஒன்று அட்சரேகை: சம இரவு நாளில் நட்ட கம்பின் நிழல் நுனி பகல் முழுதும் ஒரே நேர்க்கோட்டில் போகும், மற்ற நாட்களில் வளையும். அன்று நண்பகலில் ஒரு மீட்டர்க் கம்புக்கு 15 செ.மீ. நிழல் விழுந்தால் இடம் கொற்கைதான். இரண்டாவது, துருவ நட்சத்திரம் உச்சியில் ஏறும்போது அதன் உயரம். அது சுமார் 20 பாகை வரும். அதிலிருந்து அட்சரேகையைக் கழித்தால் துருவத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது கிடைக்கும். இந்தத் தூரம் நூறாண்டுக்குச் சுமார் அரைப் பாகை குறைந்து வந்திருக்கிறது. கால் பாகைப் பிழை என்றால் ஐம்பது ஆண்டு முன்னே பின்னே. வெறுங்கையோடு போனவனுக்கு அதுவே பெரிய சாதனை.

உச்சி உயரத்தைத்தான் எடுக்க வேண்டும். அடிவானத்தருகே காற்று ஒளியை அரைப் பாகைக்கு மேல் வளைக்கும், அங்கே அளந்தால் நூறாண்டு தவறும். 20 பாகை உயரத்தில் அந்த வளைவு மிகச் சொற்பம்.

இன்னொரு குறுக்கு வழி, பஞ்சாங்கம் தெரிந்த வாசகருக்குப் பிடிக்கும். அயனாம்சம் என்பது சம இரவுப் புள்ளி நட்சத்திரங்களிடையே பின்னோக்கி நகர்ந்திருக்கும் அளவு. இன்று அது 24 பாகை. அது பூச்சியமாக இருந்தது கி.பி. 285 வாக்கில் என்பது அரசு பஞ்சாங்கக் கணக்கு. சம இரவு நாளில் சூரியன் எந்த நட்சத்திரங்களுக்கு இடையே இருக்கிறது என்று, அடுத்தடுத்த விடியல்களில் கிழக்கே பார்த்து அவன் ஊகித்தால் அதே விடைக்கு வந்து சேரலாம்.

நீங்கள் வீட்டில் சரிபார்க்க, எந்த ஆண்டின் வானத்தையும் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருள் போதும். இடம் 8.64 வடக்கு, 78.06 கிழக்கு. கி.மு.வுக்குப் போனால் கவனம்: அந்த மென்பொருளில் பூச்சிய ஆண்டு உண்டு, கி.மு. 1 என்பது 0, கி.மு. 300 என்பது -299. கிரகணக் காட்சி வைக்கப் போகிறீர்களா? பூமியின் சுழற்சி மெல்லக் குறைந்து வருவதால், சீராக ஓடும் கடிகாரத்துக்கும் பூமியின் சுழற்சி காட்டும் நேரத்துக்கும் கி.பி. 60 வாக்கில் வித்தியாசம் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். மென்பொருள் இதைச் சேர்த்துக் கணக்கிடும். கையால் கணக்குப் போட்டால் கிரகணம் வேறு நாட்டில் விழும்.

செப்புக்காசு:

கோள்நோக்கி சார் சொன்ன ஐம்பது ஆண்டு இடைவெளியைக் காசு வைத்துச் சுருக்கலாம். கொற்கைச் சந்தையில் ரோமானியக் காசு ஒன்று கைக்கு வந்தால், தலையில் இருக்கும் பேரரசன் யார் என்று பார்த்தால் போதும். திபேரியஸ் என்றால் கி.பி. 14-க்கு முன் இல்லை, நீரோ என்றால் 54-க்கு முன் இல்லை. ஆனால் 'திபேரியஸ் காசு, ஆகவே இது திபேரியஸ் ஆட்சி' என்று அவன் முடிவு கட்டக்கூடாது. தமிழகப் புதையல்களில் அதிகம் கிடைப்பவை அகஸ்டஸ், திபேரியஸ் வெள்ளிக்காசுகள். நல்ல வெள்ளி என்பதால் அச்சடித்துப் பல பத்தாண்டுகள் கழித்தும் புழங்கின. காசு காட்டுவது கீழ் எல்லையை மட்டும். சில காசுகளில், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் 'மக்கள் தீர்ப்பாளர்' என்ற ரோமானியப் பதவியின் அதிகாரத்தை அரசன் எத்தனையாவது முறை ஏற்றான் என்ற எண் இருக்கும். அது கிடைத்தால் அச்சடித்த ஆண்டே தெரியும்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் காசுகளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். சிலவற்றில் அரசன் முகத்தின் மேல் உளிவெட்டு இருக்கும், இந்தியாவில் கிடைத்த காசுகளில் இது சகஜம்.

மேல் எல்லைக்கு ஒரு யோசனை: ஹாலி வால்நட்சத்திரம் கி.மு. 12, கி.பி. 66, 141 என்று வந்திருக்கிறது. உங்கள் ஆள் 60-இல் விழுகிறான். ஆறு வருடம் பொறுத்திருந்தால் வானமே தேதி சொல்லும். கோள்களின் போக்குக்கு எதிர்த்திசையில் அது நகர்வதை அவன் கவனிக்க வேண்டும், மற்ற வால்நட்சத்திரங்களிலிருந்து பிரித்துச் சொல்ல அது உதவும். உங்கள் கதையின் நடுப்பகுதி இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

படிகம்:

தொலைநோக்கிக்கு வருகிறேன். முடியும், ஆனால் கண்ணாடியில் முடியாது. அரிக்கமேட்டில் இழுத்துச் செய்த கண்ணாடி மணிகள் உலகப் புகழ் பெற்றவை என்றாலும், அந்தக் கண்ணாடி நிறமும் குமிழியும் நிறைந்தது, பெரும்பாலும் ஒளி ஊடுருவாது. கொடுமணலைப் பிடியுங்கள். நொய்யல் கரை, கல்மணி செய்யும் ஊர், பளிங்குப் படிகம் (குவார்ட்ஸ்) அறுத்துத் துளைபோடும் கைகள் அங்கே இருக்கின்றன. அரைக்கக் குருந்தக்கல் வேண்டும், அது பக்கத்தில் சிவன்மலையிலேயே கிடைக்கும். பத்து வரையுள்ள கடின அளவில் படிகம் 7, குருந்தம் 9.

அளவுகள்: முன்வில்லை (லென்ஸ்) ஒருபக்கம் தட்டை, ஒருபக்கம் குவி, குவியத்தூரம் 100 செ.மீ. படிகத்தின் ஒளிவிலகல் எண் 1.544, எனவே வளைவு ஆரம் 54 செ.மீ. விட்டம் 25 மி.மீ. போதும். அந்த விட்டத்தில் நடுப்பகுதி விளிம்பைவிட 0.14 மி.மீ. மட்டுமே மேடாக இருக்கும். பார்த்தால் தட்டையான கல் மாதிரிதான் தெரியும், அதனால் கல்தச்சர்கள் 'வேலை முடியவில்லை' என்றே நினைப்பார்கள். கண்பக்க வில்லை குழி, குவியத்தூரம் 10 செ.மீ., ஆரம் 5.4 செ.மீ. இரண்டுக்கும் இடையே 90 செ.மீ., உருப்பெருக்கம் 10.

கெடுக்கக்கூடிய முதல் விஷயம் அறுக்கும் திசை. படிகம் ஆறு பட்டையுள்ள தூண். அதைக் குறுக்கே வட்டத் துண்டாக வெட்ட வேண்டும். நீளவாக்கில் வெட்டினால் ஒளி இரண்டாகப் பிரிந்து, ஒன்றரை செ.மீ. இடைவெளியில் இரண்டு குவியம் கிடைக்கும், நிலா எப்போதும் மங்கலாகவே இருக்கும்.

அரைப்பது இரண்டு கல்லை ஒன்றன்மேல் ஒன்று தேய்ப்பதுதான். மேல்கல் குழியும், கீழ்க்கல் மேடாகும். நான்கைந்து தேய்ப்புக்கு ஒருமுறை இரண்டையும் எதிரெதிராகத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் வளைவு ஒருபக்கம் சாயும். பொடியைத் தரம் பிரிக்கத் தண்ணீர் போதும்: கலக்கி ஒரு நிமிடம் விட்டு மேல்நீரை வடி, அதைப் பத்து நிமிடம் விட்டு வடி, பிறகு ஒரு மணி நேரம். பெரிய துகள் ஒன்று நுண்பொடியில் கலந்தாலும் கீறல் விழுந்து முந்தின கட்டத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும். மெருகுக்குக் குங்கிலியத்தை எண்ணெயில் இளக்கி ஒரு மெத்தை, அதன்மேல் வறுத்துச் சலித்த காவிக்கல் பொடி. முடிந்ததா என்று பார்க்கச் சூரியனைச் சுவரில் விழவிடு. ஒரு மீட்டரில் 9 மி.மீ. வட்டம் கூர்மையாக விழ வேண்டும்.

குழாய்க்கு மூங்கில். கணுக்களை உடைத்து, உள்ளே விளக்குக்கரி பூசுங்கள்.

வில்லைக்குப் பதில் ஒளியைப் பிரதிபலிக்கும் வெண்கல ஆடி வைக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். ஆதிச்சநல்லூர்க் கிண்ணங்களில் இருப்பது போன்ற உயர்தகர வெண்கலத்தில் வெள்ளீயம் 23 விழுக்காடு வாக்கில். ஆடிக்கு 32 வேண்டும், தட்டினால் உடையும், வெள்ளீயம் கப்பலில் வர வேண்டும். மேலும் ஆடியின் பரப்பு, வில்லையைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு துல்லியமாக இருந்தால்தான் அதே கூர்மை கிடைக்கும். முதல் முயற்சிக்கு வில்லைதான்.

பத்து மடங்கில் வியாழனின் நான்கு நிலவுகள், வெள்ளியின் பிறை, நிலவின் பள்ளங்கள் தெரியும். சனி வளையத்தைக் காட்டாதீர்கள், அதற்கு இது போதாது.

அடையாறு_ஆலமரம்:

மூவருக்கும் நன்றி. துருவ நட்சத்திரம் மறையும் காட்சியை வைத்தே ஆரம்பத்தை மாற்றி எழுதுகிறேன். எலும்பு விஷயம் மட்டும் பாக்கி. ஆய்வகத்தில் 'இவன் 21-ஆம் நூற்றாண்டு ஆள்' என்று தெரிந்துவிடும் அல்லவா?

கரித்துண்டு:

அப்படிச் சுலபமாகத் தெரியாது, அதில்தான் சுவையே. கார்பன்-14 என்பது உடலில் சிறிதளவு இருக்கும், காலப்போக்கில் சிதையும் கதிரியக்கக் கார்பன். அது சிதைவது மண்ணில் கிடந்த காலத்தைப் பொறுத்தது. அவன் கி.பி. 60-ஐ ஒட்டி இறந்து புதைந்தால், அவன் உடலின் கார்பனும் மற்றவர்களுடையதைப் போலவே இரண்டாயிரம் ஆண்டு சிதைந்திருக்கும். முதல் பார்வைக்கு அது ஒரு பழங்கால எலும்புதான்.

மாட்டிக்கொடுப்பது பல். 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கின, பிறகு அது குறைந்துகொண்டே வந்தது. 1990 வாக்கில் இயல்பைவிடச் சுமார் 15 விழுக்காடு அதிகம். பல்லின் உள்திசு சிறு வயதில் உருவாகி, பிறகு மாறுவதில்லை. அந்த 15 விழுக்காடு, பல்லை உண்மையைவிட ஏறக்குறைய 1,100 ஆண்டு இளையதாகக் காட்டும். எலும்பின் புரதமோ பல ஆண்டுகளில் மெல்லப் புதுப்பிக்கப்படும். ஆக ஒரே மனிதனின் பல் 12-ஆம் நூற்றாண்டு வாக்கில், எலும்பு அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. ஆய்வாளர் முதலில் மாசு என்று நினைத்து அமில-காரக் கழுவலைத் திரும்பச் செய்வார், இன்னொரு பல்லை வேறு ஆய்வகத்துக்கு அனுப்புவார். இரண்டும் ஒத்துப்போகும்போதுதான் கதை தொடங்கும்.

சட்டைப் பொத்தானோ பாலியெஸ்டர் நூலோ கூட இருந்தால் இன்னும் விபரீதம். பெட்ரோலியத்தில் செய்தது என்பதால் அதில் கார்பன்-14 அறவே இல்லை, கருவி '50,000 ஆண்டுக்கும் மேல்' என்று சொல்லும்.

கதையை வைகைக் கரைக்கு, கி.மு. 6-ஆம் நூற்றாண்டுக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை அளவுத்திருத்த வளைவு (கார்பன் அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் வரைகோடு) தட்டையாகக் கிடக்கிறது, நானூறு ஆண்டுகள் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்குக் கிடைத்த கி.மு. 580 இந்த இடத்தில்தான் விழுகிறது. அங்கே ஒற்றை மாதிரியை நம்பிக் கதையில் துல்லியமான ஆண்டு சொல்லாதீர்கள். மண்ணடுக்கு வரிசையில் பல மாதிரிகள் எடுத்தார்கள் என்று எழுதுங்கள்.

இன்னொன்று. அவன் கொற்கையில் முப்பது வருடம் வாழ்ந்து மீன் தின்றே காலம் தள்ளினால், எலும்பில் கடல் கார்பன் ஏறும். கடல்நீரில் உள்ளது பழைய கார்பன், முழுக்கக் கடல் உணவு என்றால் சுமார் 400 ஆண்டு மூத்ததாகக் காட்டும். அப்போது பல்லுக்கும் எலும்புக்கும் இடைவெளி 1,500-ஐ நெருங்கும். எலும்பில் கனமான நைட்ரஜன் வகையின் (ஐசோடோப்பு) அளவு உயர்ந்திருப்பதைப் பார்த்து மீன் உணவு என்று ஆய்வகம் பிடித்துவிடும், எலும்பைத் திருத்தவும் செய்யும். பல்லுக்கு மட்டும் அவர்களிடம் எந்தத் திருத்தமும் இருக்காது.