அவசரம்!! கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்குன்னு வந்துகிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது

கெடிலக்கரை_பையன்:
ஹெல்ப் ப்ளீஸ். வீட்டு கம்ப்யூட்டர்ல அஞ்சு வைரஸ் இருக்கு உடனே க்ளீன் பண்ணுன்னு வந்துகிட்டே இருக்கு, மூடினா அடுத்தது வருது, ரெண்டு நாளா இதே ரோதனை, ஸ்கேன் போட்டா ஒண்ணுமே இல்லங்குது, அப்பா பயந்துபோய் ஒயரையே புடுங்கிட்டாரு. ஆபீஸ் கிளம்பணும், சீக்கிரம் சொல்லுங்க.

ராத்திரி_ஆந்தை:
எந்த பிரவுசர்? விண்டோஸ் 10ஆ 11ஆ? ஸ்க்ரீன் முழுக்க வருதா இல்ல வலது பக்கம் கீழ் மூலைல சின்னதா வருதா? ரெண்டும் வேற வேற கேஸ்.

மெக்கானிக்_மணி:
ஃபார்மட் அடிங்க ப்ரோ. அரை நாள் வேலை, அப்புறம் நிம்மதி.

பழைய_பென்டியம்:
வாரத்துக்கு நாலு பேர் இதே கேள்வியத் தூக்கிட்டு வர்றீங்க, மேல தேடிப் பாத்தா என்ன கொறஞ்சு போகும். மணி சொல்றது மூட்டைப்பூச்சிக்கு வீட்டைக் கொளுத்துற வைத்தியம். அது வைரஸா இருந்தாத்தானே ஸ்கேன்ல சிக்கும்? ஏதோ ஒரு சைட்ல 'நீங்க ரோபோ இல்லன்னா அலோ அமுக்குங்க'ன்னு இருந்திருக்கும், பவ்யமா அமுக்கிருப்பீங்க. நோட்டிபிகேஷன் அனுப்ப அந்த சைட்டுக்கு பர்மிஷன் குடுத்ததே நீங்கதான்.

மெக்கானிக்_மணி:
ஃபார்மட் பண்ணா அந்த பர்மிஷனும் சேந்துதானே போகும்??

கெடிலக்கரை_பையன்:
குரோம்தான். விண்டோஸ் 10. மூலைலதான் வருது, ஆனா குரோமை மூடினாலும் வருது, அதான் வைரஸ்னு நெனச்சேன். அப்பாதான் பஞ்சாங்கம், ஜாதகம்னு கண்ட பிடிஎஃப்பும் எறக்குவாரு.

ராத்திரி_ஆந்தை:
அப்ப கன்ஃபார்ம். பாப்அப்புக்குள்ள சின்ன எழுத்துல ஒரு சைட் பேரு இருக்கும், அதக் குறிச்சுக்கங்க. குரோம்ல மூணு புள்ளி, செட்டிங்ஸ், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், அதுல நோட்டிபிகேஷன்ஸ். அலோ லிஸ்ட்ல தெரியாத சைட் எல்லாத்தையும் ரிமூவ் பண்ணுங்க. மூடினாலும் வருதுன்னா குரோம் பின்னாடி ஓடிட்டு இருக்கு, செட்டிங்ஸ்ல சிஸ்டம்ங்கற இடத்துல பேக்கிரவுண்ட் ஆப்ஸ்னு ஒரு சுவிட்ச் இருக்கும், ஆஃப் பண்ணுங்க. எக்ஸ்டென்ஷன்லயும் (குரோம்ல ஒட்டிக்கிற குட்டி புரோகிராம்) நீங்க போடாதது எதாவது இருக்கான்னு ஒரு கண்ணு பாத்துருங்க.

மெக்கானிக்_மணி:
நல்ல ஆன்டிவைரஸா ரெண்டு போட்டு வச்சிருந்தா இந்த வம்பே வந்திருக்காது.

பழைய_பென்டியம்:
ரெண்டா? வேற ஒண்ணு போட்டாலே விண்டோஸோடவே வர்ற ஆன்டிவைரஸ் டிஃபெண்டர் தானா ஒதுங்கிக்கும், ரெண்டு போட்டா ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு மெஷின் மாட்டுவண்டியாயிரும். வீட்டுக்கு டிஃபெண்டர் போதும். அதவிட விண்டோஸ் 10 சப்போர்ட்டே 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சு, மொதல்ல அதக் கவனிக்கச் சொல்லுங்க.

மெக்கானிக்_மணி:
எங்க கடைக்கு வர்ற மெஷின்ல பாதி டிஃபெண்டர் மட்டும் வச்சிருந்ததுதான் சார். ஏட்டுச் சுரைக்காய் பேச்செல்லாம் இங்க வேணாம்.

பழைய_பென்டியம்:
டிஃபெண்டர் வச்சிருந்ததா, இல்ல திருட்டு சாஃப்ட்வேரை ஓட வைக்கிற கிராக் போடறதுக்காக அத ஆஃப் பண்ணி வச்சிருந்ததா? அதையும் சேத்து சொல்லுங்க.

லினக்ஸ்_லட்சுமணன்:
விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் உபுண்டு போடுங்க, இந்தப் பேச்சே வராது.

ராத்திரி_ஆந்தை:
குரோம் நோட்டிபிகேஷன் உபுண்டுலயும் வரும்ணே 😀

கெடிலக்கரை_பையன்:
இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். நேத்து அதுல ஒண்ண அப்பா கிளிக் பண்ணிருக்காரு, ஸ்க்ரீன் முழுக்க ஒரு பக்கம் வந்து கத்துச்சாம், அதுல இருந்த நம்பருக்கு போன் பண்ணி அவங்க சொன்ன ஏதோ ஆப்பையும் போட்ருக்காரு. காசு எதுவும் குடுக்கலங்கறாரு.

செல்வி_அக்கா:
அட ஆண்டவா, இதத்தானப்பா மொதல்ல சொல்லணும்! அது உங்க கம்ப்யூட்டரை அவங்க அங்கருந்தே ஓட்டுற ஆப்பு. நெட்டைக் கழட்டிட்டு மொதல்ல அத அன்இன்ஸ்டால் பண்ணு. பேங்க், மெயில் பாஸ்வேர்டை வேற போன்லருந்து மாத்து. அப்பா கார்டு நம்பரோ ஓடிபியோ சொன்னாரான்னு திட்டாம கேளு, திட்டினா மறைப்பாங்க. சொல்லியிருந்தா பேங்க்ல சொல்லி பிளாக் பண்ணு, காசு போயிருந்தா சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடி, லேட் பண்ணாத. நெஜமான விண்டோஸ் எச்சரிக்கைல போன் நம்பர் வரவே வராது.

பழைய_பென்டியம்:
அக்கா சொல்றது சரி. இந்த கேஸுக்கு ஃபார்மட்டும் தப்பில்ல.

மெக்கானிக்_மணி:
இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே.

பழைய_பென்டியம்:
இந்த கேஸுக்குன்னு சொன்னேன்.

கெடிலக்கரை_பையன்:
லிஸ்ட்ல பதினேழு சைட் இருந்துச்சு, தூக்கியாச்சு, இப்ப வர்றதில்ல. ஆப்பும் எடுத்தாச்சு. ஓடிபி சொல்லலயாம், பேலன்ஸ் அப்படியே இருக்கு. தேங்க்ஸ் எல்லாருக்கும்.

செல்வி_அக்கா:
பாஸ்வேர்ட் மாத்தினியா?