சீ டிரைவுக்கு நானே பூட்டுப் போட்டுவிட்டேன், வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. ஹட்டனில் சின்னதாக ஒரு டைப்பிங், போட்டோகொப்பி கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10 கம்ப்யூட்டர். தங்கச்சி மகன் வந்தால் கேம் ஏற்றிவிடுகிறான். அதைத் தடுக்கிறேன் என்று சீ டிரைவின் புரொப்பர்ட்டீஸுக்குள் போய், செக்யூரிட்டியில் 'எவ்ரிவன்' என்பதற்கு ஃபுல் கன்ட்ரோல் 'டினை' (அனுமதி மறுப்பு) என்று டிக் போட்டேன். எவ்ரிவன் என்றால் நானும்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. அட்மினாக இருந்தாலும் டினைதான் முந்துமாம்.

இப்போது பாஸ்வேர்ட் அடித்தால் கறுப்புத் திரை, நடுவே மவுஸ் அம்பு மட்டும். சேஃப் மோடிலும் அதே கதை.

அப்புறம் உபுண்டு (விண்டோஸுக்குப் பதிலான ஒரு லினக்ஸ்) பென் டிரைவைப் போட்டுப் பார்த்தேன். ஃபைல்கள் பத்திரமாக இருக்கின்றன, திறக்கவும் முடிகிறது. லினக்ஸ் இந்தப் பூட்டைக் கண்டுகொள்வதில்லை. டிக்கோயா, கொட்டகலைப் பிள்ளைகளின் விண்ணப்பங்களெல்லாம் அதில்தான். பாதியை வேறு டிஸ்கில் ஏற்றிவிட்டேன். மழைக்கு கரண்ட் போய்ப் போய் வருவதால் மீதி இழுபறி.

கேள்வி இதுதான்: ரிக்கவரியில் வரும் கமாண்ட் புரொம்ப்டில், அனுமதிகளை மாற்றும் ஐகேக்ல்ஸ் (icacls) கட்டளையின் 'ரிமூவ்' மூலம் அந்த டினையை மட்டும் எடுத்தால் போதுமா? தெரிந்த தம்பி ஒருவர் அதே கட்டளையால் முழு டிரைவின் அனுமதிகளையும் 'ரீசெட்' பண்ணச் சொல்கிறார். விண்டோஸ் ஃபோல்டருக்கு உள்ள தனி அனுமதிகளும் அழிந்துவிடுமே என்று பயமாக இருக்கிறது. இன்னொன்று, அங்கே சீ டிரைவு டீ என்று காட்டுகிறது. கட்டளையிலும் டீ என்றே அடிக்கவா?

பிட்லொக்கர் (டிஸ்கையே குறியாக்கிப் பூட்டும் வசதி) போடவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஃபோர்மட் பண்ணச் சொல்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அது எனக்கும் தெரியும்!