பழைய லேப்டாப் பேட்டரி 0%-லேயே நிற்கிறது: உயிர் வருமா, புதிதுதானா?

பாலக்கோட்டுக்காரன்:
தங்கச்சிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த லேப்டாப். கல்லூரி முடிந்தபின் பீரோ மேலேயே கிடந்தது. இப்போது குரூப் 4 படிக்க எடுத்தாள். சார்ஜர் போட்டால் ஓடுகிறது, பிடுங்கினால் உடனே அணைகிறது. ‘ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்’ என்று காட்டுகிறது. பேட்டரி பின்பக்கம் கழற்றுகிற வகை, 10.8 வோல்ட், 6 செல். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் வேறு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தால் எழுந்துவிடும் என்கிறான். செய்யலாமா?

அரூரான்:
ஃப்ரீசர் கதையை விடுங்க. ஷட்டவுன் செய்து, சார்ஜர், பேட்டரி இரண்டையும் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பேட்டரியின் பித்தளைப் பற்களைக் காய்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள். அப்புறம் விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள்.

பாலக்கோட்டுக்காரன்:
செய்தேன், அதே 0%தான். ரிப்போர்ட்டில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு) 47,520 மில்லிவாட் ஹவர், ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போதைய கொள்ளளவு) 6,100.

ஓசூர் சர்வீஸ்:
அப்படியென்றால் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். எழுப்பினாலும் கொஞ்ச நேரம்தான் தாங்கும் தம்பி.

ஒயர் இழுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். லித்தியம் செல் ஒன்று முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும். சும்மா கிடந்து 2.5-க்கும் வெகுவாகக் கீழே இறங்கினால் உள்ளேயிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கலாம். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு உள்ளேயே படிந்து ஷார்ட் ஆகலாம், தீப்பிடிக்கலாம். பேட்டரிக்குள் இருக்கும் போர்டு சார்ஜ் ஏற்ற மறுப்பது அதனால்தான். அதை ஏமாற்றி சார்ஜ் ஏற்றுவது கெட்டிக்காரத்தனம் இல்லை.

செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். செல் புதிதானாலும் போர்டில் உள்ள சிப் பழைய கணக்கையே வைத்திருக்கும். சில சிப் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும். நான் அந்த வேலை எடுப்பதில்லை.

முழு பேட்டரியாக வாங்குங்கள். பழையதன் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 10.8, 11.1 வோல்ட் இரண்டும் மூன்று செல் வரிசைதான் (ஆறு செல் என்றால் இரண்டிரண்டாகச் சேர்த்த மூன்று ஜோடி), எது கிடைத்தாலும் சரி. 14.4 வேண்டாம், அது நான்கு செல் வரிசை. எம்ஏஹெச் (கொள்ளளவு) அதிகமாக இருந்தால் லாபம். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஐஎஸ் 16046 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். தயாரித்த தேதி பழசாக இருந்தால் விலை குறைவு என்று ஆசைப்படாதீர்கள். கடை அலமாரியில் தூங்கியே பாதி செத்திருக்கும்.

அரூரான்:
வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு சார்ஜரிலேயே ஓட்டலாமே? செலவு மிச்சம்.

ஓசூர் சர்வீஸ்:
தாராளமாக ஓட்டலாம். கரண்ட் மாறுகிற அந்த ஒரு துளி நேரத்தைப் பெரும்பாலான அடாப்டர்கள் தாங்கும். சார்ஜர் பின் தளர்ந்திருந்தால்தான் தொல்லை, கை பட்டாலே அணைந்துவிடும்.

பாலக்கோட்டுக்காரன்:
எங்களிடம் இன்வெர்ட்டர் இல்லை அண்ணா. சனிக்கிழமை தருமபுரி போய்ப் புதிதே வாங்கிவிடுகிறேன். பழையதை என்ன செய்வது?

ஓசூர் சர்வீஸ்:
பற்கள் மேல் டேப் ஒட்டி, வாங்குகிற கடையிலேயே கொடுத்துவிடுங்கள். குப்பையோடு போட்டுக் கொளுத்திவிடாதீர்கள், வெடிக்கும்.