கழுகுகளின் பரிணாம மரம்: எந்தக் கிளையில் எது? புதைபடிவங்களை எங்கே வைப்பது?

வரைபலகை:

வணக்கம். பள்ளிக் கண்காட்சி ஒன்றுக்காக மூன்றடி அகலத்தில் கழுகுகளின் பரிணாம மரம் தயாராகிறது. கையில் இருப்பது பழைய கையேட்டுப் பட்டியல். பெரியதெல்லாம் கழுகு, சிறியதெல்லாம் பருந்து, ஓரத்தில் வல்லூறு, எல்லாம் ஒரே வரிசை என்ற கணக்கு. டிஎன்ஏ ஆய்வுகள் வந்த பிறகு இது செல்லாது என்று தெரியும். ஆனால் எதை எங்கே நகர்த்துவது என்பதில்தான் சிக்கல்.

"கழுகு" என்று ஒரே கிளை போடலாமா? பிலிப்பைன் கழுகு வரைவில் தென் அமெரிக்க ஹார்ப்பிக் கழுகுக்குப் பக்கத்தில் இருக்கிறது, சரிதானா? அழிந்துபோனவற்றில் நியூசிலாந்தின் ஹாஸ்ட் கழுகும் ஆஸ்திரேலியாவின் ஆர்க்கிஹையராக்ஸும் கட்டாயம் வேண்டும். அவற்றுக்கு எந்த இடம், என்ன வயது? தமிழ்ப்பெயர் யோசனையும் சொன்னால் நல்லது.

எலும்புப்பெட்டி:

ஒரே கிளை போடாதீர்கள். கழுகுகளும் பருந்துகளும் அடங்கிய அக்சிபிட்ரிடே குடும்பத்தில் சுமார் 250 இனங்கள். அதற்குள் "கழுகு" என்ற உடல்வாகு குறைந்தது நான்கு இடங்களில் தனித்தனியாக உருவாகியிருக்கிறது. கழுகு என்பது அளவையும் தொழிலையும் வைத்து வந்த பெயர், வம்சத்தை வைத்து அல்ல.

முதலில் வல்லூறுகளைப் படத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். 2008இல் வெளிவந்த பெரிய மரபணு ஆய்வுக்குப் பிறகு அவை தனி வரிசை. கிளிகளுக்கும் சிட்டு வகைகளுக்கும்தான் நெருக்கம். வளைந்த அலகும் கூர்நகமும் இரண்டு பக்கமும் தனித்தனியாக வந்தவை. விரால் அடிப்பான் மட்டும் குடும்பத்துக்கு வெளியே, அடிமரத்தை ஒட்டித் தனிக் குடும்பமாக நிற்கட்டும்.

இனி குடும்பத்துக்குள், கீழிருந்து மேலாக. கருந்தோள் பருந்தும் அதன் உறவினங்களும் முதலில் பிரிகின்றன. அடுத்தது தேன்பருந்துகளும், பிணந்தின்னிகளான மஞ்சள்முகப் பாறும் தாடிப் பாறும் சேர்ந்த கொத்து. அதன்பின் பாம்புக்கழுகுகளும் மற்ற பழைய உலகப் பாறுகளும். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய கிளைகள். பாம்பு தின்னும் பறவைக்கும் பிணம் தின்னும் பறவைக்கும் என்ன உறவு என்று பார்வையாளர் கேட்பார்கள், ஆனால் உறவு உண்மையானது. அதற்கு மேல் ஹார்ப்பிக் கொத்து, பிறகு பொன்னாங்கழுகு அடங்கிய அக்விலா கொத்து. கால்விரல் வரை இறகு மூடியிருப்பது இந்தக் கடைசிக் கொத்தின் எளிய அடையாளம். கடைசியில் பூனைப்பருந்துகள், வைரிகள், கடற்கழுகுகள், பியூட்டியோ என்ற பருந்து வகைகள் நெருங்கி நிற்கும் உச்சி.

பிலிப்பைன் கழுகை ஹார்ப்பியிடமிருந்து பிரித்துவிடுங்கள். பேருருவம், கொண்டை, குரங்கு வேட்டை மூன்றையும் பார்த்துத்தான் ஒன்றாக வைத்திருந்தார்கள். லெர்னர், மிண்டெல் இருவரும் 2005இல் வெளியிட்ட மரபணு மரத்தில் அது பாம்புக்கழுகுக் கிளையின் அடியில் போய் உட்கார்ந்தது. பின்வந்த ஆய்வுகளிலும் அந்த இடம் மாறவில்லை.

கடற்கழுகுக்கும் பொன்னாங்கழுகுக்கும் அளவில் பெரிய வித்தியாசமில்லை. ஆனாலும் கடற்கழுகின் நெருங்கிய சொந்தம் நம் தெருவுக்கு மேலே வட்டமிடும் கரும்பருந்தும் செம்பருந்தும்தான். நம்பாதவர்களுக்கு எலும்பில் ஒரு சாட்சி இருக்கிறது. உள்விரலின் முதல் இரண்டு கணுக்களும் இந்த மூன்றிலும் ஒட்டி ஒரே எலும்பாகியிருக்கும். பொன்னாங்கழுகில் அவை தனித்தனி. படத்தில் இடம் இருந்தால் அந்த விரலை மட்டும் பெரிதாக வரையுங்கள், ஆயிரம் வார்த்தை மிச்சம்.

மண்ணடுக்கு:

மரம் பற்றி மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. புதைபடிவங்களை அதே மரத்தில் அதே நிறத்தில் ஒட்டாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். இரண்டு வகை ஆதாரம் இருக்கிறது, இரண்டுக்கும் உறுதி ஒன்றல்ல.

ஹாஸ்ட் கழுகின் எலும்புகள் இன்னும் கல்லாகவில்லை. குகையிலும் சேற்றிலும் கிடந்தவை, அதனால் டிஎன்ஏ கிடைத்தது. முதல் எலும்புகள் 1871இல் கேன்டர்பரியின் கிளென்மார்க் சதுப்பில் கிடைத்தன. ஜூலியஸ் ஹாஸ்ட் அதைத் தனிப் பேரினமாக ஹார்பகார்னிஸ் என்று பெயரிட்டார். 2005இல் தொல் டிஎன்ஏ பார்த்தபோது, உலகின் மிகப் பெரிய கழுகுக்கு மிக நெருங்கிய உறவு ஒரு கிலோ அளவே எடையுள்ள ஆஸ்திரேலியச் சிறுகழுகு என்று தெரிந்தது. ஹாஸ்ட் கழுகின் பெட்டைக்கோ எடை 10 முதல் 15 கிலோ. இப்போது பெரும்பாலான பட்டியல்களில் அது ஹையராயேட்டஸ் மூரேய். ஆக, இடம் அக்விலா கொத்துக்குள், சிறுகழுகுக்கு ஒட்டி.

ஆர்க்கிஹையராக்ஸ் நிலைமை வேறு. தெற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட பின்பா ஏரிப் படுகையில் 2016இல் கிடைத்தது, பெயரிடப்பட்டது 2021. ஒரே பறவையின் 63 எலும்புகள். இந்த வயதுக்கு இது பெரிய அதிர்ஷ்டம், வழக்கமாகக் கிடைப்பது ஒரு மூட்டுத் துண்டுதான். வயது சுமார் 2.5 கோடி ஆண்டு, அதாவது ஒலிகோசீன் காலத்தின் கடைசி. விரித்த பாதம் 15 செ.மீ. அகலம். சிறகு உடலுக்குக் குட்டை, எனவே காட்டுக்குள் பறந்தது என்பது கணிப்பு. அந்த வயதில் டிஎன்ஏ பேச்சுக்கே இடமில்லை. எலும்புப் பண்புகளை எண்ணித்தான் இடம் சொல்ல முடியும், அப்படி எண்ணியபோது இன்றுள்ள எந்தத் துணைக்குடும்பத்திலும் அது பொருந்தவில்லை. அடிமரத்தில் புள்ளிக்கோட்டால் ஒரு பக்கக் கிளை, அவ்வளவே. "கழுகுகளின் மூதாதை" என்று தலைப்பு வைத்தால் தவறு.

எங்கே சறுக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். கழுகுப் புதைபடிவங்களில் குழப்பத்துக்கு முக்கியக் காரணம் ஆண், பெட்டை அளவு வேறுபாடு. ஹாஸ்டே சிறிய எலும்புகளைப் பார்த்து அஸ்ஸிமிலிஸ் என்று இரண்டாவது இனம் வைத்தார். பிறகு அது ஆண் பறவை என்று முடிவாயிற்று. ஒற்றைக் கால் எலும்பை ஒப்பிடும்போது ஒவ்வொரு துணைக்குடும்பத்திலிருந்தும் ஓர் ஆண், ஒரு பெட்டை எலும்புக்கூடாவது மேசையில் இருக்க வேண்டும். தனி நகத்தை மட்டும் வைத்து இனப்பெயர் வைப்பது வம்பு.

இன்னொன்று, பழைய புத்தகங்களில் பெரிய கொன்றுண்ணி எலும்பு என்றாலே "அக்விலா" என்று எழுதிவிடுவார்கள். கியூபாவில் கிடைத்து 1970இல் அக்விலா போராசி எனப் பெயரிட்ட பறவை உண்மையில் அமெரிக்கப் பருந்துப் பேரினமான பியூட்டியோகாலஸ் வகை. ஆஸ்திரேலியாவில் 1905இல் டி விஸ் என்பவர் கழுகு என்று பெயரிட்ட ஒரு சிறகெலும்பு, 2022 மறு ஆய்வில் பாறு என்று தெரிந்து கிரிப்டோகிப்ஸ் ஆனது. இரையை அழுத்திக் கொல்லும் தசைகளுக்கான தழும்புகள் அதே பறவையினத்தின் கால் எலும்பில் வலுவாக இல்லை. ஆஸ்திரேலியாவில் இன்று பாறே கிடையாது, அதனால் இது உறுதியாக நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று!

வரைபலகை:

மிக்க நன்றி. ஹாஸ்ட் கழுகு சிறுகழுகிலிருந்து எப்போது பிரிந்தது? ஓரிடத்தில் 7 லட்சம் என்றும் இன்னோரிடத்தில் 22 லட்சம் என்றும் பார்த்தேன். ஒரு குகையில் கிடைத்த 3 மீட்டர் சிறகு விரிப்புள்ள ஆஸ்திரேலியக் கழுகும் உண்டல்லவா, அதை எங்கே வைப்பது?

மண்ணடுக்கு:

இரண்டும் அச்சில் இருக்கும் எண்கள்தான். 2005 ஆய்வு சிறு டிஎன்ஏ துண்டை வைத்து 7 லட்சம் முதல் 18 லட்சம் வரை என்றது. 2019இல் முழு மைட்டோகாண்ட்ரியா மரபணுத் தொகுதியை வைத்து சுமார் 22 லட்சம் என்று வந்தது. துண்டு நீளமும் காலக் கடிகாரத்தை எங்கே பூட்டுகிறோம் என்பதும் மாறினால் விடை மாறும். படத்தில் புதியதைப் போட்டு, கிளை பிரியும் இடத்தில் புள்ளிக்குப் பதில் ஒரு பட்டை வையுங்கள். அழிந்த காலம் குறிப்பிட்டால், மாவோரி மக்கள் வந்து, அதன் இரையான பறக்காத மோவாப் பறவைகள் தீர்ந்த பிறகு, கி.பி. 1400ஐ ஒட்டி என்று எழுதலாம்.

குகைக் கழுகு டைனாட்டோயேட்டஸ் காஃபே. ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் மேர்ஸ் குகை. பழைய நான்கு எலும்புகள் 1950, 60களில் எடுத்தவை, மீதி எலும்புகள் பின்னர் அதே குகையில் தேடி எடுத்தவை. பெயர் 2023. பிளைஸ்டோசீன் எனும் பனியுகக் காலப் பறவை. ஆஸ்திரேலியாவின் ஆப்புவால் கழுகுக்குப் பக்கத்தில் வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். அதன் உறவு பழைய உலகப் பாறுகளோடும் பிலிப்பைன் கழுகோடும். மேலே எலும்புப்பெட்டி சொன்ன பாம்புக்கழுகு–பாறு கொத்துக்கு அருகில், புள்ளிக்கோட்டால்.

ஏரிக்கரை:

தமிழ்ப்பெயருக்கு: பாறு என்ற பழஞ்சொல்லைத் தயங்காமல் எடுங்கள். "பிணந்தின்னிக் கழுகு" என்று எழுதினால் மரத்தில் இரண்டு தனிக் கிளைகளில் கழுகு என்ற சொல் வந்து நீங்கள் விளக்க நினைத்ததே குழம்பும். திருக்கழுக்குன்றத்துக்கு முன்பு வந்துகொண்டிருந்த கழுகுகளும் மஞ்சள்முகப் பாறுகள்தான், ஊர்ப்பெயரில் இருக்கும் கழுகு அந்தப் பழைய பொதுப்பொருளில் வந்தது. செம்பருந்துக்குக் கருடன் என்றும் அடைப்பில் போடலாம், மக்கள் உடனே அடையாளம் காண்பார்கள். இராசாளியை ஊருக்கு ஊர் வேறு வேறு பறவைக்குச் சொல்வதால் தவிர்ப்பது நல்லது.

அறிவியல் பெயரில் பழைய கையேடுகளோடு இரண்டு இடத்தில் மோதும். புள்ளிக்கழுகுகள் இப்போது அக்விலா அல்ல, கிளாங்கா. போனெல்லிக் கழுகு நேரெதிராக ஹையராயேட்டஸிலிருந்து அக்விலாவுக்குள் வந்திருக்கிறது. அச்சுக்கு அனுப்புமுன் இந்த இரண்டையும் ஒருமுறை சரிபாருங்கள், சுவர்ப்படம் பார்க்க வருகிற பறவை ஆர்வலர் முதலில் கை வைப்பது அங்கேதான்.